கமோடு சேர் முதல் சாப்பாட்டுத் தட்டு வரை: பக்கவாதத்துக்குப் பிறகு வடசென்னை வீடுகளில் எது உதவுகிறது, எது மூலையில் கிடக்கிறது

பக்கவாதம் வந்தவரை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்த இரண்டு மூன்று நாளில் வீட்டில் யாராவது ஒருவர் சர்ஜிகல் கடைக்குக் கிளம்புகிறார். ராயபுரம், பெரம்பூர், திருவொற்றியூர் பக்கமெல்லாம் மெயின் ரோட்டிலேயே கடைகள் உண்டு. கமோடு சேர் (டாய்லெட் போக நடுவில் துளை வைத்த நாற்காலி), வாக்கர், கையில் வைத்து அமுக்கும் பந்து, மூன்றும் ஒரே பில்லில் வந்துவிடும். ஒரு மாதம் போனால் வாக்கர் பீரோவுக்குப் பின்னால் மடங்கி நிற்கும். கமோடு சேரில் துணி காயும். பொருள் மட்டமாக இருந்து இப்படி ஆவது குறைவு. அந்த வீட்டு பாத்ரூம் கதவின் அகலம் எவ்வளவு, நோயாளியின் முழங்கால் உயரம் எவ்வளவு, எந்தக் கை வேலை செய்கிறது என்று யாரும் பார்க்காமல் வாங்கியதுதான் காரணம். அதையெல்லாம் பார்த்து, அளந்து, பழக்கிவிடுவதுதான் ஆக்குபேஷனல் தெரபி. அதனால் கடையில் விற்கும் பொருட்களையும், அவற்றைப் பயன்பட வைக்கும் அந்தச் சேவையையும் சேர்த்தே இங்கே மதிப்பிடுகிறோம்.

முதலில் கமோடு சேர். பட்டியலில் இதற்குத்தான் முதலிடம். தானாக டாய்லெட் போய் வரும் நாளில்தான் பெரும்பாலான நோயாளிகளுக்குத் தன் மேல் நம்பிக்கை திரும்புகிறது. கடையில் பொதுவாக மூன்று வகை கிடைக்கும்: பெயின்ட் அடித்த இரும்பில் மடக்கும் வகை, பட்டன் அழுத்தி உயரம் மாற்றும் அலுமினிய வகை, சக்கரம் வைத்த வகை. விலை குறைவு என்பதால் முதல் வகைதான் அதிகம் விற்கிறது. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் போன்ற கடலோரப் பகுதிகளுக்கு அதை நாங்கள் சொல்ல மாட்டோம். உப்புக் காற்றும் போர் தண்ணீரும் சேர்ந்து பெயின்ட் உரிந்த இடத்தில் துருவை ஏற்றும். அதிலும் மடக்கும் மூட்டின் ரிவெட்டும் வெல்டிங் செய்த இடமும்தான் முதலில் போகும். உட்காரும்போது முழு எடையும் விழுவது அங்கேதான். கொஞ்சம் கூடப் போட்டு அலுமினியமோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வாங்குங்கள். எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கும் ஸ்டிக்கரைப் படிக்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

உயரம் எப்படிப் பார்ப்பது? நோயாளியைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, தரையிலிருந்து முழங்கால் மடிப்பின் உள்பக்கம் வரை டேப்பால் அளக்க வேண்டும். சீட் அந்த உயரத்திலோ ஓர் இன்ச், இரண்டு இன்ச் மேலேயோ இருக்கலாம். தொடையில் பலம் குறைவாக இருந்தால் உயரமான சீட்டிலிருந்து எழுவது சுலபம். ஆனால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். கால் தொங்கினால் உடம்பு பலவீனமான பக்கம் சரியும், சேரும் அதோடு சாயும். கடைக்காரர் காட்டும் ஒரே உயர மாடல் 5 அடி உயரப் பெண்ணுக்கும் 6 அடி உயர ஆணுக்கும் ஒரே மாதிரிப் பொருந்தாது.

அடுத்து அகலம். பழைய வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை லைன் வீடுகளிலும், பழைய ஹவுசிங் போர்டு குடியிருப்புகளிலும் பாத்ரூம் கதவு 2 அடியோ, அதற்குச் சற்றுக் கூடவோதான் இருக்கும். நிலையை மட்டும் அளந்துவிட்டு வருகிறார்கள். கதவைத் திறந்து வைத்தாலும் பலகை ஓர் இன்ச்சுக்கு மேல் இடம் பிடிக்கும், கொண்டிக்கும் தாழ்ப்பாளுக்கும் கொஞ்சம் போகும். எனவே கதவு திறந்திருக்கும் நிலையில் மிச்சமிருக்கும் வழியை அளக்க வேண்டும். சக்கரம் வைத்த சேர் பல வீடுகளில் வாசலிலேயே நின்றுவிடுவது இதனால்தான். உள்ளே போகும் என்றாலும், பாத்ரூம் வாசலில் தண்ணீர் வெளியே வராமல் கட்டிய 2 இன்ச் தடுப்பு இருந்தால் சக்கர சேரைத் தள்ளி ஏற்றுவது ஆபத்து. முன்சக்கரம் மாட்டி நோயாளி முன்னால் விழக்கூடும்.

இந்தியன் டாய்லெட் மேல் சேரைப் போடும் வீடுகளில் இன்னொரு சிக்கல். பீங்கானைச் சுற்றியுள்ள தரை சமமாக இருக்காது. தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவு வைத்திருப்பார்கள், பல இடங்களில் பீங்கான் ஒரு மேடையில் இருக்கும். நாலு காலில் இரண்டு மேடையிலும் இரண்டு கீழேயும் நின்றால் சேர் ஆடும். பட்டனால் இரண்டு காலை நீட்டி, இரண்டைக் குறைத்து ஒப்பேற்றும் யோசனை வரும். அதைச் செய்யாதீர்கள், அடுத்த முறை கழுவி வைக்கும்போது யாராவது திருப்பிப் போட்டுவிடுவார்கள். கொத்தனாரை வைத்து நாலு கால் நிற்கும் இடத்தை மட்டும் சமப்படுத்துவது அரை நாள் வேலை. சேர் காலின் அடியில் மாட்டியிருக்கும் ரப்பர் குப்பியை மாதம் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். தேய்ந்து உலோகம் தெரிந்தால் ஈரத் தரையில் அது வழுக்கும். குப்பி மட்டும் தனியாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது.

பகலில் பாத்ரூமில் இருக்கும் சேர், இரவில் கட்டில் பக்கத்தில், நோயாளியின் நல்ல பக்கமாக நிற்கட்டும். தூக்கக் கலக்கத்தில், விளக்குப் போடாமல், அவசரமாக எழுந்து நடக்கும்போதுதான் விழுவது எளிது.

எழுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது, இதைக் கடையில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். முதலில் சீட்டின் ஓரத்துக்கு நகர வேண்டும். பாதங்களை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இழுக்க வேண்டும். உடம்பை முன்னால் சாய்த்து, மூக்கு முழங்காலைத் தாண்டி வரும்போது, நல்ல கையால் கைப்பிடியைக் கீழ்நோக்கி அழுத்தி எழ வேண்டும். பெரும்பாலானவர்கள் நேராக நிமிர்ந்தபடி மேலே எழப் பார்க்கிறார்கள். எடை குதிகாலுக்குப் போய்த் திரும்ப சீட்டிலேயே தொப்பென்று விழுகிறார்கள். உடனே மகனோ மருமகளோ அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார்கள். பலம் இழந்த தோள்மூட்டை அப்படித் தூக்கினால் மூட்டு இறங்கி, மாதக் கணக்கில் வலி எடுக்கும். இடுப்பில் அகலமான பெல்ட்டையோ, மடித்த துண்டையோ கட்டி, அதைப் பிடித்துத் தாங்குங்கள். கையைப் பிடித்து இழுக்கவே கூடாது.

சுவரில் மாட்டும் கைப்பிடியில் இரண்டு ரகம். வாக்யூம் கப் வைத்து ஒட்டும் பிளாஸ்டிக் கைப்பிடியை ஆன்லைனில் நிறைய விற்கிறார்கள். துளை போட வேண்டாம் என்பதால் வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஆசை வரும். வாங்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. சின்ன டைல்ஸ் இடுக்கிலும் சிமென்ட் பூச்சிலும் காற்று கசிந்து பிடி விட்டுப்போகும். அது விடும் நேரம், நோயாளி முழு எடையையும் அதன் மேல் போடும் நேரம். ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை இன்ச் விட்டமுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியை, சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் ஒன்றரை இன்ச் இடைவெளி விட்டு, ஆங்கர் போல்ட் போட்டு மாட்டுங்கள். இடைவெளி அதிகமானால் வழுக்கும்போது முன்கை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். பழைய சுண்ணாம்புச் சுவரில் போல்ட் பிடிக்காது. சுவரின் மறுபக்கம் தகடு வைத்து இறுக்கச் சொல்லுங்கள். நின்றுகொண்டு பிடிக்கும் கம்பிக்கு 33 முதல் 36 இன்ச் உயரம் பொதுவான கணக்கு. உட்கார்ந்து எழுவதற்கான செங்குத்துக் கம்பி, உட்கார்ந்திருப்பவரின் முழங்காலுக்குச் சற்று முன்னால் வர வேண்டும். இரண்டும் நல்ல கைப் பக்கத்துச் சுவரில். துண்டு போடும் ராடும் தண்ணீர் பைப்பும் பிடித்து எழுவதற்கானவை கிடையாது. அவற்றை எட்டும் தூரத்தில் வைத்தால் நோயாளி கட்டாயம் பிடிப்பார்.

குளியலுக்குக் கடையில் விற்கும் ஷவர் சேரைவிட, இந்த ஊருக்குப் பொருந்துவது அகலமான, காலில் ரப்பர் போட்ட ஸ்டூலும் பக்கெட்டும்தான். பக்கெட் தரையில் இருந்தால் உட்கார்ந்தவர் குனிந்து மொள்ள வேண்டும். உடம்பு ஒரு பக்கம் பலமில்லாதவருக்கு அந்தக் குனிவிலேயே தலைகுப்புறப் போக வாய்ப்பு. பக்கெட்டை இன்னொரு ஸ்டூலில் ஏற்றி, முழங்கால் உயரத்துக்குக் கொண்டு வாருங்கள். முழு பக்கெட் வேண்டாம், பாதி போதும். லாரித் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைக்கும் வீடுகளில் டிரம்மின் அடியில் ஒரு குழாய் போட்டுவிட்டால், மேலேயிருந்து மொண்டு எடுக்கும் வேலையே இல்லை. திருகும் குழாயை மாற்றி, நீளக் கைப்பிடி வைத்துத் தட்டித் திறக்கும் குழாய் போடுவது நல்லது. சோப்பை ஒரு பழைய சாக்ஸில் போட்டு முடிந்து, கயிற்றில் தொங்கவிடுங்கள். வழுக்கி விழுந்ததை எடுக்கக் குனிய வேண்டாம். சுடுதண்ணீரின் சூட்டை எப்போதும் உணர்ச்சியுள்ள கையால்தான் பார்க்க வேண்டும். மரத்த பக்கம் வெந்துபோனாலும் தெரியாது. வாக்யூம் வைத்த ரப்பர் மேட் சொரசொரப்பான டைல்ஸில் ஒட்டாது, அடியில் பாசியும் பிடிக்கும். வழவழப்பான டைல்ஸ் உள்ள வீட்டுக்கு மட்டும் வாங்கி, தினமும் எடுத்துக் காய வையுங்கள்.

வாக்கருக்கு வருவோம். ஒரு கை முழுதும் பலம் இழந்தவருக்கு சாதாரண வாக்கர் பயன்படாது. அதை இரண்டு கையாலும் தூக்கி வைக்க வேண்டும். ஒரு கையால் தூக்கினால் கோணலாகப் போய் நோயாளியை இழுத்துத் தள்ளும். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவருக்கு நல்ல பொருள், பக்கவாதத்துக்கு வாங்கியது பீரோவுக்குப் பின்னால் போகிறது. இவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்துவது நாலு கால் கைத்தடி. அதை நல்ல கையில் பிடிக்க வேண்டும். கெட்டுப்போன கால் பக்கம் என்று நினைத்து மாற்றிப் பிடிப்பவர்கள் பலர், முடியாத கையில் அதைத் திணித்துக் கட்டிவிடுபவர்களும் உண்டு. உயரம்: செருப்போடு நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரும் இடம்தான் கைப்பிடி. வெளிப்பக்கம் நீண்டிருக்கும் இரண்டு கால்கள் உடம்புக்கு வெளியே பார்த்திருக்க வேண்டும், உள்ளே இருந்தால் சொந்தக் கால் தடுக்கும். மூன்றாவது மாடியில் இருப்பவர்கள் பெரிய அடித்தட்டு உள்ளதை வாங்க வேண்டாம். குறுகலான படியில் நாலு காலும் உட்காராமல் இரண்டு அந்தரத்தில் நிற்கும். சின்ன அடித்தட்டு போதும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில்.

வீல்சேர் பற்றிச் சுருக்கமாக: இடுப்பு அகலத்தோடு 2 இன்ச் கூட்டினால் சீட் அகலம். பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து 2 இன்ச் கழித்தால் சீட் ஆழம். "கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்" என்று வாங்கியதில் சாய்ந்து உட்கார்ந்து முதுகு வளைந்தவர்கள் ஏராளம்.

இனி, பணம் கொடுத்து வாங்கக் கூடாத இரண்டு. ஒன்று, சிரிக்கும் முகம் போட்ட மஞ்சள் பந்து. பலருக்குப் பக்கவாதக் கை சில நாட்களிலோ வாரங்களிலோ இறுகத் தொடங்கும்; விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கும். ஏற்கெனவே மூடிக்கொள்ளும் கையை மேலும் மேலும் மூடப் பழக்குவதுதான் அந்தப் பந்து செய்யும் வேலை. அந்தக் கைக்குத் தேவை திறக்கும் பயிற்சி. மேசையில் உள்ளங்கையை விரித்து ஊன்றி எடையைத் தாங்குவது, டம்ளரை நோக்கிக் கையை நீட்டி விரலைத் திறப்பது, பிடித்ததை விடுவது. துண்டை மேசையில் விரித்து, அதன் மேல் கை வைத்துத் துடைப்பது போல முன்னும் பின்னும் தள்ளுவதற்குச் செலவே இல்லை. இரண்டாவது, கதவில் மாட்டி நல்ல கையால் இழுத்து முடியாத கையை மேலே தூக்கும் கப்பி. தோள்பட்டை எலும்பு கூடவே சுழலாமல் கை மட்டும் தலைக்கு மேலே போகும்போது நடுவில் உள்ள தசைநார் நசுங்கும். பக்கவாதத் தோளுக்கு இந்தக் கப்பி வேண்டாம் என்று சிகிச்சை வழிகாட்டுதல்களே சொல்கின்றன. தோள் இறுகிப்போன (ஃப்ரோசன் ஷோல்டர்) யாராவது சொல்லி இதை வாங்குகிறார்கள். அவருடைய தோள் வேறு, இது வேறு.

சாப்பாடு விஷயத்தில் விலை உயர்ந்த பொருளுக்குப் போகும் முன் வீட்டைப் பாருங்கள். தடித்த கைப்பிடி ஸ்பூன் தனியாக விற்கிறது. ஏ.சி. செம்புக் குழாய்க்கு மாட்டும் கறுப்பு ஃபோம் டியூபை ஒரு ஜாண் வெட்டி, சாதாரண ஸ்பூனில் ஏற்றினால் அதே வேலைதான். கைப்பிடி ஒன்று முதல் ஒன்றேகால் இன்ச் தடிமன் இருந்தால் பலம் குறைந்த விரல்களுக்கும் பிடிக்க வரும். தட்டுக்கு அடியில் ஈரத் துணி போடுங்கள், நகராது. விளிம்பு செங்குத்தாக உயர்ந்த எவர்சில்வர் தட்டு வேண்டும். ரசம் சாதத்தை ஒற்றைக் கையால் அள்ளும்போது அது தட்டின் ஓரத்துக்கு ஓடும். விளிம்பு நேராக நின்றால் அதில் முட்டி ஸ்பூனில் ஏறிவிடும், சரிந்த விளிம்பில் வெளியே வழியும். வலது கை போனவர்கள் இடது கையால் சாப்பிடக் கூச்சப்பட்டு, ஊட்டிவிடச் சொல்வதுண்டு. ஸ்பூன் அந்தக் கூச்சத்தைப் பெருமளவு குறைக்கிறது. ஒரு எச்சரிக்கை: தண்ணீரோ ரசமோ குடிக்கும்போது இருமினால், குரல் கரகரத்தால், ஸ்பூனை யோசிக்கும் முன் விழுங்குவதை டாக்டரிடமும் ஸ்பீச் தெரபிஸ்டிடமும் காட்டுங்கள். தட்டின் இடது பாதியை அப்படியே வைத்துவிட்டுப் போதும் என்று எழுகிறாரா? பசி இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மூளையின் வலது பக்கம் பாதித்தவர்களில் சிலருக்கு இடது பக்கம் கவனத்துக்கே வராது. இதைக் கண்டுபிடித்துத் தலையைத் திருப்பித் தேடப் பழக்குவதும் ஆக்குபேஷனல் தெரபிதான்.

உடுத்துவதற்குப் பெரும்பாலும் டெய்லர் போதும். சட்டையில் பட்டன் துளையைத் தைத்து மூடி, அதன் மேலேயே பட்டனை வைத்து, அடியில் வெல்க்ரோ போட்டால் பார்க்கப் பழைய சட்டை மாதிரியே இருக்கும். லுங்கியை ஒரு கையால் முடிய வராது. இடுப்பில் எலாஸ்டிக் தைத்துவிடலாம். பாவாடை நாடாவுக்கும் அதுவே. போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது கடைசியில்.

சமைக்க விரும்புபவர்களுக்கு நாங்கள் பரிந்துரைக்கும் பொருள் ஆணி வைத்த கட்டிங் போர்டு. கனமான பலகையில் துருப்பிடிக்காத ஆணி இரண்டை அடியிலிருந்து அடித்து ஒன்றரை இன்ச் மேலே நீட்ட வேண்டும். கீழே ரப்பர் ஷீட் ஒட்டினால் நகராது. வெங்காயமோ கத்தரிக்காயோ மீனோ அதில் குத்தி நிற்கும், ஒரு கையால் நறுக்கலாம். மீனை வால் பக்கம் குத்திவிட்டால் செதிலும் சீவலாம். வேலை முடிந்ததும் ஆணி மேல் கார்க் சொருக மறக்காதீர்கள். சோறு வடிப்பதை மட்டும் ஒற்றைக் கையால் செய்ய விடவே கூடாது. எலக்ட்ரிக் ரைஸ் குக்கர் வாங்குவதுதான் சரி. தெரபி பொருள் என்று யாரும் விற்காத மிக நல்ல தெரபி பொருள் அது.

இப்போது சேவை. வீட்டுக்கு வரும் தெரபிஸ்ட் நல்லவரா என்பது முதல் நாளே தெரிந்துவிடும். நல்லவர் கையில் டேப் இருக்கும். காலையில் எத்தனை மணிக்கு எழுவார், டாய்லெட் எங்கே, யார் கூட இருப்பார்கள், முன்பு என்ன வேலை செய்தார் என்று கேட்பார். பிறகு "செய்து காட்டுங்க" என்று கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை கூடவே போவார். அன்றாட வேலைகளை நோயாளி எவ்வளவு தானாகச் செய்கிறார் என்று அளக்கும் பார்தெல் அட்டவணையில் பலர் மதிப்பெண் போடுவார்கள். 1965-இல் வெளியான அதில் 10 வேலைகள், மொத்தம் 100. டாய்லெட் பயன்படுத்துவதற்கு 10, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்கு 15, குளியலுக்கு 5. மாதம் ஒருமுறை அதை மறுபடி போட்டால் முன்னேற்றம் கண்ணில் தெரியும். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வையுங்கள். கரண்ட் மெஷினை ஒட்டிவிட்டு, கை காலை இருபது நிமிடம் அசைத்துவிட்டுக் கிளம்புகிறவர், நோயாளி தானாக ஒரு வேலை செய்வதை ஒரு தடவையும் பார்க்கவில்லை என்றால், அதற்கு ஆக்குபேஷனல் தெரபி என்று கட்டணம் கொடுக்காதீர்கள்.

சொல்லிக்கொடுக்கும் முறையிலும் வித்தியாசம் உண்டு. சட்டை போடப் பழக்கும் நல்ல தெரபிஸ்ட், பல சமயம் கடைசிப் படியிலிருந்து தொடங்குவார். முதல் வாரம் எல்லாவற்றையும் வீட்டார் செய்து, கடைசி வெல்க்ரோவை மட்டும் நோயாளி ஒட்டுவார். அடுத்து கடைசி இரண்டு. பிறகு நல்ல கையை நுழைப்பது. ஒவ்வொரு நாளும் வேலையை அவரே முடித்ததாக இருக்கும். காலையில் இதற்கு இருபது நிமிடம் ஆகும். ஆபீஸ் அவசரத்தில் மகள் இரண்டு நிமிடத்தில் போட்டுவிட்டால் ஒரு நாள் பயிற்சி போச்சு. அதனால் வீட்டார் எங்கே கை வைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டுப் போகிறவருக்கு எங்கள் மதிப்பெண் கூடுதல்.

வேலைக்குத் திரும்புவதையும் கேளுங்கள். வலை பின்னுபவருக்கு ஊசி பிடிக்கும் விரல், டிபன் கடைக்காரருக்கு நின்றபடி கரண்டி திருப்பும் சமநிலை, தெரபியின் இலக்கு ஆளுக்கு ஆள் மாற வேண்டும்.

செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு வழி இருக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு யு.டி.ஐ.டி. இணையதளத்தில் விண்ணப்பியுங்கள், உதவி உபகரணங்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கும்போது முதலில் பார்ப்பது அதைத்தான். அங்கே வீல்சேர் தரும்போதும் இடுப்பு அளவைச் சொல்லிக் கேளுங்கள்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை: முழங்கால் மடிப்பு உயரம், இடுப்பு அகலம், மணிக்கட்டு உயரம், எடை, திறந்த கதவின் வழி அகலம், பாத்ரூம் தடுப்பின் உயரம், எந்தக் கை நல்ல கை. பொருளைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளலாமா என்று பில் போடும் முன் கேளுங்கள். கமோடு சேரைப் பயன்படுத்தியபின் சுகாதாரம் கருதி எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. அதனால் அதை மட்டும் கடையிலேயே விரித்து, யாராவது முழு எடையோடு உட்கார்ந்து, ஒரு பக்கக் கைப்பிடியை மட்டும் அழுத்தி எழுந்து பாருங்கள். ஆடினால் அடுத்த மாடல்.